முதலில் நகல், பிறகே பரிகாரம்!

 

வீட்டில் கணிப்பொறியைக் கையாளும்போது எழுகின்ற ஐயங்களை எழுதி அனுப்புமாறு இப்பக்கங்களில் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த மடல்களைப் பிரித்துப் படித்தபோது ஒன்று விளங்கிற்று. கேட்கப்படுபவை யாவும் சிறிய வினாக்களே. 'அடித்து வைத்தது காணாமற் போயிற்று', 'எழுத்து மாறிப் போயிற்று', 'திரையில் ஏதோ எச்சரிக்கை வருகின்றது' என்பன போன்றவையே. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் நினைவோ, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவோ, ஒரு முதியவரின் சேமிப்போ இருக்கின்றது. ஆகவே எந்த வினாவையும் அற்பமென்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

இம்முறை மற்ற விடைகளுக்கு முன்பாக, நாம் அளித்த விடையொன்றில் இருந்த குறையைச் சுட்டி வந்த மடலை எடுத்துக்கொள்கின்றோம். அதுவே நியாயம்.

நம் குறையைக் காட்டிய மடல்

'கணிப்பொறியில் இடம் நிரம்பிவிட்டது, வேகமும் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?' என்று வாசகர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்ற வழியே சென்று, 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்னும் பட்டியலில் உள்ளவற்றை நீக்கிவிடலாம் என எழுதியிருந்தோம். அந்த விடை பொய்யன்று. ஆனால் முழுமையானதும் அன்று. அப்பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றொரு வரியும் உண்டு. அதைத் தொடவேண்டாம் என்று எச்சரிக்க நாம் மறந்துவிட்டோம்.

கடற்கரையூர்ச் சகோதரி ஒருவர் நம் விடையைப் படித்து, பட்டியலில் இருந்த எல்லா வரிகளிலும் அடையாளமிட்டு, நீக்கும் பொத்தானை அழுத்தியிருக்கின்றார். இடம் தாராளமாகக் கிடைத்தது. மறுநாள்தான் தெரிந்தது, வஃபாத்தாகிவிட்ட அவருடைய உம்மாவின் குரல் பதிவுகள் அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் இருந்தன என்பது. சபரில் இருந்த தம்பிக்கு உம்மா வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய சிறு சிறு பேச்சுகள் அவை. 'சாப்பிட்டியா வாப்பா, உடம்பைப் பார்த்துக்கோ' என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இராது. ஆனால் அந்தக் குரல் இனி எங்கே கிடைக்கும்?

'உங்களைக் குறைகூற எழுதவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி நேரக்கூடாதென்றே எழுதுகின்றேன்' என்று அவர் முடித்திருக்கின்றார். அவரிடம் நாம் மன்னிப்புக் கோருகின்றோம்.

இனி, மற்றவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை. டவுன்லோட்ஸ் என்பது தற்காலிகக் குப்பைக்கான இடமன்று. இணையத்திலிருந்தும் வாட்ஸ்ஆப்பிலிருந்தும் இறக்கப்படும் யாவும் வந்து தங்குகின்ற திண்ணை அது. இப்பட்டியல் வழியாக நீக்கப்படுபவை 'ரீசைக்கிள் பின்' என்னும் கூடைக்கும் போவதில்லை, நேரே போய்விடுகின்றன.

அவ்வாறு அழிந்துவிட்டால் செய்யவேண்டிய முதற்காரியம், அந்தக் கணிப்பொறியில் வேலை செய்வதை உடனே நிறுத்துவதேயாகும். பழைய சுழல்தட்டு வகை ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழிக்கும்போது, பதிவேட்டில் இருந்து அதன் பெயர்தான் அடிக்கப்படுகின்றது. பொருள் அவ்விடத்திலேயே கிடக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வாய்ப்புண்டு. பதற்றத்தில் மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவினால், மீட்கவேண்டிய பொருளின் மீதே அது எழுதப்பட்டுவிடலாம். இப்போதைய எஸ்.எஸ்.டி. வகையிலோ, அழிக்கப்பட்ட இடத்தை இயந்திரமே விரைவில் துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகவும் குறைவு.

மற்றொரு வழியும் உண்டு. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஒரு பேச்சு, அனுப்பியவர் கைபேசியிலும் பெற்றவர் கைபேசியிலும் தங்குவது வழக்கம். சகோதரிக்கு இதைத் தெரிவித்து மடல் எழுதினோம். தம்பி கைபேசியை மாற்றியிருந்தார். உம்மாவின் கைபேசியோ பழுதாகிக் கிடந்தது. ஆனால் குடும்பக் குழுவில் உம்மா பேசியவற்றுள் பதினொரு பதிவுகள் மதனி ஒருவரின் கைபேசியில் அழியாமல் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்! இழந்தவை அதனினும் அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எளியவர் கையில் மட்டும் இது நேர்வதன்று. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய கணிப்பொறிகளில் அவர்களின் சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. நிறுவனம் அதன் விநியோகத்தை நிறுத்தி, திருத்தி, மறுமாதமே மீண்டும் வெளியிட்டது. தப்பியவர்கள் யாரெனில், வேறோரிடத்தில் நகல் வைத்திருந்தவர்களே.

வாப்பாவின் எழுத்து ஆங்கிலமாகிவிட்டதா?

'எங்கள் வாப்பா தம் இறுதி ஆண்டுகளில் நமதூர் வரலாற்றைத் தமிழில் தட்டச்சு செய்து சீ.டி.யில் பதிந்து வைத்திருந்தார்கள். புதிய கணிப்பொறியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வருகின்றன. வைரஸ் என்று சொல்லி அழித்துவிடுமாறு பிள்ளைகள் கூறுகின்றனர். அழித்துவிடலாமா?'

வேண்டாம் சகோதரரே, அழித்துவிடாதீர்கள்! உங்கள் வாப்பாவின் எழுத்து அப்படியே பத்திரமாக இருக்கக்கூடும்.

முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வரைந்து வைத்தவை. கணிப்பொறியைப் பொறுத்தவரை உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துதான். மேலே போர்த்தியது மட்டும் தமிழ்ச் சட்டை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், சட்டை கழன்று ஆங்கிலம் தெரிகின்றது. பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் காணப்படும். இதைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஐயம் தீர்ந்தது.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அமைப்பை வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் வழியாக 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 முதற்கொண்டு அது மெல்ல மெல்ல வீடுகளுக்கு வந்தது. உங்கள் வாப்பாவின் கோப்பு அதற்கு முந்திய வழக்கத்தைச் சேர்ந்ததாகலாம்.

செய்யவேண்டியது இதுதான். முதலில் சீ.டி.யில் உள்ளதை அப்படியே இரண்டு இடங்களில் நகலெடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். எந்த எழுத்துரு என்பதை வேர்டு மென்பொருளில் எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியே பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த எழுத்துருவை நிறுவினால் பக்கம் தமிழாகும். பின்னர் எழுத்துரு மாற்றி மென்பொருளொன்றின் துணையால் யூனிகோடுக்கு மாற்றி, வேறு பெயரில் சேமியுங்கள்.

மாற்றியபின் வரிவரியாக ஒப்புநோக்குவது அவசியம். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்திருப்பின், அவையும் தமிழாக மாற்றப்பட்டுப் பொருளற்றுப் போயிருக்கும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களின் பெயர்களில் ஹ, ஜ, ஷ, ஸ ஆகிய எழுத்துகள் நிறைய வருமாதலால், பெயர்களைத் தனியே சரிபார்ப்பது நலம்.

அழைப்பிதழில் அரபு வரி உடைந்தது ஏன்?

'மகளின் நிக்காஹ் அழைப்பிதழில் முதல் வரியாகிய பிஸ்மில்லாஹ் எழுத்தெழுத்தாகப் பிரிந்து, இடம்வலமாகத் திரும்பி அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதிகளையும் கொடுக்க மனமின்றி வைத்துவிட்டோம். அச்சகத்தாரோ, நீங்கள் அனுப்பியதைத்தான் அடித்தோம் என்கின்றார். தவறு யாருடையது?'

இருவருடையதும் அன்று, இடையில் இருந்த மென்பொருளுடையது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. மேலும் சொல்லின் முதலில், நடுவில், கடையில் வரும்போது ஓரெழுத்தே வெவ்வேறு வடிவம் கொள்வது. இந்த அறிவு மென்பொருளுக்கு இருக்கவேண்டும். நம் அச்சகங்களில் பெரிதும் வழங்கிய பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. யூனிகோடு அரபை அது அறியாது. வேர்டில் அழகாகத் தோன்றிய வரியை அதில் ஒட்டினால், கூட்டெழுத்துகள் பிரிந்து வரிசை தலைகீழாகிவிடும்.

ஆகவே அரபு வரியை எழுத்தாக அனுப்பாமல், தெளிவான படமாகவோ பி.டி.எஃப். வடிவிலோ அனுப்புங்கள். முழு பிஸ்மில்லாஹ்வையும் ஒரே குறியாகத் தரும் வசதி யூனிகோடில் உண்டு. ஆனால் எல்லா எழுத்துருக்களிலும் அது இராது. எவ்வழியில் அனுப்பினாலும், அச்சேறுமுன் கடைசி மெய்ப்பை ஓதத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்பமிடட்டும். கைபேசியில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுச் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள்.

உதவித்தொகை ஏன் திரும்பி வந்தது?

மஹல்லாவின் கல்வி உதவிக் கணக்கைப் பார்த்துவரும் பொருளாளர் ஒருவர் கவலையோடு எழுதுகின்றார். மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களை எக்ஸெலில் பட்டியலிட்டு அனுப்பினாராம். சிலருடைய தொகை திரும்பி வந்துவிட்டது. ஒரு மாணவிக்குக் கட்டணம் கட்டவேண்டிய கடைசி நாளும் கடந்துவிட்டது. 'நான் சரியாகத்தான் அடித்தேன்' என்று அவர் உறுதியாகக் கூறுகின்றார்.

ஐயா, நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் கொள்ளும். 16 இலக்கமுள்ள கணக்கு எண்ணை அடித்தால், கடைசி இலக்கத்தைச் சொல்லாமலே பூஜ்யமாக்கிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் விழுங்கிவிடும். கணக்குப் போடும் எண்ணாக அது கருதுகின்றது; பெயர் போன்றதோர் அடையாளம் என்பது அதற்குத் தெரியாது.

பரிகாரம் எளிது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, 'டெக்ஸ்ட்' என்ற வகைக்கு மாற்றிவிடுங்கள். அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறியொன்றை இடுங்கள். ஆனால் ஏற்கெனவே பூஜ்யமாகிப்போன இலக்கத்தைப் பின்னர் வகை மாற்றினாலும் மீட்க இயலாது. மாணவர்கள் தந்த பாஸ்புக் நகலைப் பார்த்து மறுபடி அடிப்பதொன்றே வழி. காகித நகலைத் தூர எறியாமல் வைத்திருப்பதன் பயன் இதுதான்.

இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. 'மார்ச்', 'செப்ட்' என்று தொடங்கும் மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தமையால், 2020இல் விஞ்ஞானிகள் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிக்கொண்டார்கள்! அதே ஆண்டு இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்று விவரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமற் போயின. பழைய எக்ஸெல் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். மிஞ்சியவை ஓசையின்றி விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பது நாட்கணக்கில் தாமதமாயிற்று.

இரண்டு நாட்கள் மறைத்ததால்

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் மடல் நம் மனத்தை மிகவும் வருத்தியது. செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவந்து, 'உங்கள் கணிப்பொறியில் வைரஸ். உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று தோன்றியதாம். சங்கொலி போல் ஒரு சத்தமும் எழுந்ததாம். அழைத்தார். எதிர்முனையில் மரியாதையாகப் பேசியவர் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னார். பிறகு திரையில் அம்பு தானாகவே நகர்ந்தது. சற்று நேரத்தில் வங்கியிலிருந்து பணம் போயிற்று. பிள்ளைகள் ஏசுவார்களே என்று இரண்டு நாட்கள் எவரிடமும் கூறாமல் இருந்துவிட்டார்.

அந்த இரண்டு நாட்களே பெரும் இழப்பு. இத்தகைய மோசடியில், பணம் கைமாறிச் செல்வதற்குள் தடுப்பதுதான் மீட்கும் வழி. இந்தியாவில் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்து முறையிடலாம்; தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். அதோடு வங்கியையும் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லவேண்டும். கணிப்பொறியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்றவேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இராது. எண் இருக்குமானால் அது பொய். அது வெறும் இணையப் பக்கமே. கணிப்பொறியை அணைத்துவிட்டாலே பெரும்பாலும் போய்விடும். திரும்பவும் அதே பக்கத்தைத் திறக்கட்டுமா எனப் பிரவுசர் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வாப்பாவோ உம்மாவோ கணிப்பொறியில் ஏதேனும் கேட்டால், 'இதுகூடத் தெரியாதா?' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சலித்துக்கொண்ட இடத்தில்தான், மரியாதையாகப் பேசும் மோசடிக்காரன் வந்து அமர்ந்துகொள்கின்றான்.

சிறு வினாக்கள் இரண்டு

வேர்டில் சேமிக்காமலே மூடிவிட்டவர்கள் மனம் தளரவேண்டாம். ஃபைல், இன்ஃபோ, 'மேனேஜ் டாக்குமென்ட்' என்ற வழியே சென்றால், சேமிக்காதவற்றை மீட்கும் வாய்ப்பு அங்கே உண்டு. எப்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. எனினும் மறுபடி அடிக்கத் தொடங்குமுன் அங்கே பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் பலர் கேட்டுள்ளனர். 2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. கணிப்பொறி ஓடத்தான் செய்யும். ஆனால் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழக்கம்போல் வாரா. அதில் வங்கி வேலைகளைத் தவிர்த்து, விண்டோஸ் 11 ஏற்குமா என்று பரிசோதியுங்கள். மாற்றுமுன் நகல் எடுப்பதை மீண்டும் சொல்லத் தேவையில்லை அல்லவா?

வினாவை எழுதும் முறை

'கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. வழி சொல்லவும்' என்று மட்டும் சில மடல்கள் வருகின்றன. 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவர்தான் மருந்து தருவார்? சைமன் டேத்தம் என்னும் ஆங்கிலேய மென்பொருளாளர் 1999இல் இதைக் குறித்தே ஒரு கட்டுரை எழுதினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. கண்டதைக் கண்டபடியே கூறவேண்டும். நாமாக ஊகித்த காரணத்தை மட்டும் கூறக்கூடாது என்பது அதன் சாரம்.

ஆகவே வினா எழுதும்போது நான்கைத் தெரிவியுங்கள். என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? என்ன நடக்கும் என எதிர்பார்த்தீர்கள்? உண்மையில் என்ன நடந்தது? திரையில் தோன்றிய வாசகம் எழுத்துக்கெழுத்து என்ன? இவற்றோடு விண்டோஸின் பதிப்பு எண்ணையும் சேர்த்துவிட்டால், விடையின் பாதி உங்கள் மடலிலேயே இருக்கும். பாஸ்வேர்டையும் கணக்கு எண்ணையும் மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள், நமக்கும் வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று மாலையே வீட்டில் அமர்ந்து, இழந்தால் திரும்பக் கிடைக்காதவை எவையெவை என ஒரு தாளில் எழுதுங்கள். பெரியவர்களின் குரல், பழைய புகைப்படங்கள், பத்திரங்களின் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று பட்டியல் மிகச் சிறியதாகவே இருக்கும். அவற்றுக்கு மூன்று நகல்கள் வேண்டும்: கணிப்பொறியில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. அந்த டிஸ்க்கைச் சில மாதங்களுக்கொருமுறை திறந்து, கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நாம் கூறும் எந்தப் பரிகாரத்தையும் இனி அதற்குப் பிறகே செய்யுங்கள். நம் விடையிலும் பிழை இருக்கலாம். உம்மாவின் குரலை இழந்த சகோதரி நமக்குக் கற்பித்த பாடம் அதுவே. பிழை கண்டால் தயங்காமல் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அதையே முதலில் வெளியிடுவோம்.

வஸ்ஸலாம்.